கணக்கில் வராத உழைப்பு



பட்டமளிப்பு விழாச் சபைகளில் தத்துவ ஞானிகளையும் தேசத் தலைவர்களையும் எடுத்துரைப்பதே வழக்கமாயிருக்க, நான் அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர் ஒருவரின் ஜீவிய சரித்திரத்தைச் சொல்ல வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒருவர் ஆற்றிய தொழிலை எதைக்கொண்டு அளப்பது என்று நினைக்கும்போதெல்லாம், சிகாகோ பேர்ஸ் அணியில் 1975 முதல் 1987 வரை பதின்மூன்று பருவங்கள் ஆடிய வால்டர் பேட்டனே என் நினைவில் முதலில் வந்து நிற்கிறார்.

அந்த ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைப் பெரும்பாலும் கையிலேந்தி, நூறு கஜ மைதானத்தில் எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேற வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் கடந்தால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும், கடவாவிட்டால் பந்து கைமாறிவிடும். ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு, தம்மிலும் பருத்த ஆட்கள் மோதித் தள்ளும் நெரிசலுக்குள்ளே தலையைக் கொடுத்து ஓடுகிறவர். அந்த மோதல்களை உடம்பு தாங்காமல் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே தொழிலை விட்டு நீங்கியவர்கள் மிகப் பலர்.

பேட்டன் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தவர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலத்தில் படிக்கத் தொடங்கி, 1970-ல் அவ்வூர்ப் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது இரு நிறத்தாரும் கலந்த அணியில் ஆடிப் புகழ் பெற்றும், தென்னாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை அழைக்கவில்லை. தம் தமையன் பயின்ற ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் அவரும் சேர்ந்தார். அங்கிருந்து, தொழில்முறை அணிகள் 1975-ல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சிகாகோவுக்கு வந்தவர், தம் முதல் ஆட்டத்தில், பால்டிமோர் அணிக்கு எதிராக, எட்டு முறை பந்தை ஏந்தி ஓடினார். அந்த எட்டு ஓட்டங்களிலும் சேர்த்து அவர் முன்னேறிய தூரம் பூஜ்யம்.

பிறகு நடந்தது பிரசித்தம். 1977-ல் காய்ச்சலோடு களமிறங்கி மினசோட்டா அணிக்கு எதிராக ஒரே நாளில் 275 கஜம் ஓடியதும், 1984-ல் முன்னோடி ஆட்டக்காரர் ஜிம் பிரவுனின் 12,312 கஜ மொத்த ஓட்டச் சாதனையைக் கடந்ததும், ஓய்வு பெறுகையில் 16,726 கஜத்தில் நின்றதும் பல நூல்களில் உள்ளன. என் மனம் தங்கி நிற்பது வேறொரு கணக்கில். அந்தத் தூரத்தைக் கடக்க அவர் 3,838 முறை பந்தை ஏந்தியிருக்கிறார். ஆகவே ஓர் ஓட்டத்துக்கு நாலேகால் கஜத்துக்குச் சற்றே அதிகம். இந்த மண்டபத்தின் நடுவிலிருந்து மேடைப் படிக்கட்டுக்கு வரும் தூரங்கூட இராது. அந்தச் சிறு தூரத்துக்காக, ஆட்டமில்லாத மாதங்களில் சிகாகோவை அடுத்த ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊரின் செங்குத்தான மேட்டில் மூச்சிரைக்க மீண்டும் மீண்டும் ஏறி ஓடித் தம் கால்களைப் பழக்கினார். பதின்மூன்று பருவங்களில் காயத்தால் அவர் ஆடாமலிருந்தது, முதலாண்டில் ஒரே ஓர் ஆட்டந்தான்.

இனி, எந்தக் கணக்கிலும் ஏறாத வேலையைச் சொல்கிறேன். பந்தை எறிய வேண்டிய ஆட்டக்காரர் சில அடிகள் பின்வாங்கி, யாரிடம் எறியலாமென்று நிமிர்ந்து பார்க்கும் இரண்டு மூன்று விநாடிகளில், அவரை வீழ்த்துவதொன்றே நோக்கமாக எதிராளி ஒருவன் பாய்ந்து வருவான். அவனை நடுவழியில் எதிர்கொண்டு நிறுத்துவது பேட்டனின் பொறுப்பு. ஐந்தடி பத்து அங்குல மனிதர், கால்களை அகட்டி, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, தோளை அவன் மார்பில் ஏற்றித் தடுப்பார். பந்து அவர் தலைக்கு மேலே பறந்துபோய் வேறொருவர் கையில் விழும். அரங்கம் அந்த வேறொருவருக்காக ஆர்ப்பரிக்கும். பேட்டனின் மேன்மையெல்லாம் ஓட்டத்தில் இருந்ததென்று நினைப்பவர்கள் அவரைப் பாதிதான் அறிந்தவர்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1986 ஜனவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் சிகாகோ 46-க்கு 10 என வென்றது. எதிரணி தன் கவனமனைத்தையும் பேட்டன்மேல் வைத்ததால் மற்றவர்களுக்கு வழி திறந்தது; தற்காப்பு வரிசையைச் சேர்ந்த வில்லியம் பெர்ரி என்ற பாரியான வீரருக்குக்கூட எல்லைக் கோட்டருகே பந்தைக் கொடுத்துப் புள்ளி எடுக்கச் செய்தார்கள். பத்தாண்டுக்கு மேலாக அந்த அணியைத் தாங்கி நின்றவருக்கு அன்று ஒரு புள்ளியும் வாய்க்கவில்லை. அவர் மிகவும் மனம் நொந்தார். பயிற்சியாளர் மைக் டிட்கா அதைத் தம் வாழ்வின் பெருந்துயரங்களில் ஒன்றாகப் பின்னர்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறருக்கு வழிவிட்டு வாழ்ந்தவருக்கும் தமக்குரிய பங்கு கிட்டாதபோது வலிக்கும். அந்த வலியை நான் குறையென்று கருதவில்லை. நீங்களும் வழிவிட்டுக் கொடுப்பீர்கள், உங்களுக்கும் வலிக்கும்.

பேட்டனுக்கும் முன்னே ஓடி வழி திறந்த அணித்தோழர் ஒருவர் உண்டு; அவர் மாட் சூஹி. 1999-ல் கல்லீரல் நோயும் பித்தநாளப் புற்றும் பேட்டனைப் பீடித்து, உறுப்பு மாற்றமும் கைகூடாத நிலை வந்து, பிறர் உயிர் பிழைக்கவேனும் உறுப்பு தானம் பெருக வேண்டுமென்று அவர் வேண்டிக்கொண்டிருந்த மாதங்களில், அருகிலேயே இருந்தவர் இந்தச் சூஹிதான். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பேட்டன் காலமானபின், அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் சூஹியிடமே வந்தது.

பேட்டனின் சாதனையை 2002-ல் முறியடித்தவர் டல்லஸ் அணியின் எம்மிட் ஸ்மித். தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, புகழின் உச்சியிலிருந்த 1996-ல் பல்கலைக்கழகத்துப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவர் அவர். 18,355 கஜத்தோடு ஓய்வு பெற்று, 2010-ல் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் புகழ்வீரர் வரிசையில் சேர்க்கப்பட்டபோது, மேடையில் நின்று, தமக்கு முன்னே ஓடி மோதல்களைத் தம் உடம்பில் வாங்கி, கழுத்தில் காயமுற்றுத் தொழிலை விட்ட டாரில் ஜான்ஸ்டனைப் பெயர் சொல்லி விளித்து, நீர் இல்லாமல் இந்த நாள் எனக்கு இல்லை என்னும் பொருள்பட அழுதுகொண்டே பேசினார். ஜான்ஸ்டன் திறந்த வழிகளுக்கென்று எந்தச் சாதனைப் பட்டியலிலும் இடமில்லை. அவற்றின் எண்ணிக்கையை அறிந்திருந்தவர் ஸ்மித் ஒருவரே.