பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பிள்ளைங்க உடல் எடையைப் பத்திப் பேசப் போறீங்களா? அது டாக்டர் வேலையாச்சே!" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். சாலை போடுகிற சிவில்காரன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயதுக்குள் அதிக எடை உள்ளவர்கள் 1990-இல் 100-க்கு 8 பேர். 2022-இல் 20 பேர். 32 வருடத்தில் மனிதனின் மரபணு மாறிவிடாது. உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சோம்பேறி ஆகவும் மாட்டார்கள். மாறியது அவர்களைச் சுற்றியுள்ள இடம். வீட்டில் பெற்றோர் பார்த்துக்கொள்கிறோம். வகுப்பில் ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். நடுவிலே ஒரு தெரு இருக்கிறதே, அதை யார் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. பள்ளியிலிருந்து பத்தில் ஒரு மைலுக்குள், அதாவது சுமார் 160 மீட்டருக்குள், துரித உணவுக் கடை இருந்தால் உடல் பருமன் விகிதம் குறைந்தது 5.2 சதவீதம் கூடியிருந்தது. 100 பேர் பருமனாக இருக்கிற இடத்தில் 105 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை கால் மைல் தள்ளி இருந்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. எல்லா ஊர் ஆய்வுகளும் இப்படிப் பளிச்சென்று சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இடைவேளை மணி அடித்தால் ஓடிப்போய் வாங்கிவரும் தூரம் எது என்று நமக்குத் தெரியாதா என்ன!

நம் நாட்டில் இதற்கு விதி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலோ, வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. 50 மீட்டர் நடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. லண்டன் மாநகரின் 2021 திட்டத்தில், பள்ளியிலிருந்து 400 மீட்டர் நடைதூரத்துக்குள் புதிதாகச் சூடான உணவுப் பார்சல் கடைக்கு இடமில்லை. நமக்கு அந்த 50 மீட்டராவது நிஜமாக வேண்டாமா?

அதற்காக, கூடையில் நெல்லிக்காயும் வேர்க்கடலையும் விற்கிற பாட்டியை விரட்டச் சொல்லவில்லை. விதியும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நடவடிக்கை என்று வந்தால் முதலில் எழுப்பப்படுவது பாட்டிதான். பக்கத்துக் கடையின் குளிர்பானப் பெட்டி அசையாது. 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது, சார்!

சாப்பிடுவது பாதிக் கணக்கு. மீதிப் பாதி செலவழிப்பது. பள்ளி வயதில் தினம் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கு நடந்து போனால் அதில் ஒரு பங்கு தானாகவே வந்துவிடும். ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது நடைபாதை. பயந்துபோய்ப் பெற்றோர் வண்டியில் கொண்டுவிடுகிறார்கள். அந்த வண்டிகளாலேயே வாசலில் நெரிசல். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிள்ளையை நடக்க விடுவதில்லை. என் மகள் நாலாம் வகுப்பு. பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் ஒரே ஒரு சாலையைக் கடக்க வேண்டும், அதற்காகத் தினமும் டூவீலர்!

சிவில் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வே பிராக்டிகலுக்குக் கல்லூரி மைதானத்தையே எத்தனை தடவை அளப்பீர்கள்? பக்கத்துப் பள்ளி வாசலில் டேப்பை வையுங்கள். 50 மீட்டருக்குள் என்ன விற்கிறது, நடைபாதை எங்கே அறுந்துபோகிறது, எங்கே கடப்பது ஆபத்து என்று ஒரு வரைபடம் போடுங்கள். தலைமையாசிரியர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், உள்ளாட்சிப் பொறியாளர் மூவருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். அந்த அலுவலகங்களில் ஏறி இறங்குகிற வேலையை முன்னாள் மாணவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

குண்டாக இருக்கிற பிள்ளையிடம் "வாயைக் கட்டு" என்று சொல்வது சுலபம். அந்தத் தெருவைப் பிள்ளையா வரைந்தது? வரைகிறவர்களில் பலர் இந்த அரங்கில்தான் இருக்கிறோம்.