துணிக்கடியில் மறைந்த பொம்மை

எட்டு மாதக் குழந்தையொன்றின் முன்னே இரண்டு துணிகளை விரித்து, அது பார்த்திருக்கும்போதே ஒரு பொம்மையை இடப்புறத் துணியின் கீழ் மறைத்தால், குழந்தை துணியை விலக்கி அதனை எடுத்துக்கொள்ளும். இரண்டொரு முறை இவ்வாறு எடுத்தபின், அதே பொம்மையை அதன் கண்முன்னேயே வலப்புறத் துணியின் கீழ் மறைத்து, சில விநாடிகள் தாமதித்துப் பாருங்கள், நேயர்களே. குழந்தையின் கை மீண்டும் இடப்புறமே செல்லும்!

சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே, தம் மக்கள் மூவரையும் அருகிருந்து நோக்கி 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். கண்ணுக்கு மறைந்த பொருளைப் பற்றிய அறிவு அவ்வயதில் முற்றுப்பெறவில்லை என்பது அவர் கொண்ட முடிபு. பின்வந்தோர் வேறொன்றையும் கண்டனர். சில குழந்தைகள் வலப்புறத் துணியை நோக்கியபடியே கையை இடப்புறம் நீட்டின. இதனை வெறும் அறியாமை என்று எவ்வாறு கொள்வது? பழகிய கையை அடக்க இயலாமையும் இதில் உண்டு என்பதே பொருத்தமாகும்.

அமெரிக்க உளநூலறிஞர் அடெல் டயமண்ட் அம்மையார் இருபத்தைந்து குழந்தைகளை இரு வாரங்களுக்கு ஒருமுறை சோதித்து, 1985இல் முடிவுகளை வெளியிட்டார். ஏழரை மாதத்தில் இரண்டு விநாடித் தாமதமே குழந்தையைத் தடுமாறச் செய்தது. பன்னிரண்டு மாதத்தில் பத்து விநாடி வேண்டியிருந்தது. 1989இல், நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதியை இழந்த குரங்குகளும் இதே பிழையைச் செய்வதாக அவரும் கோல்ட்மன்-ராக்கிச் அம்மையாரும் அறிவித்தனர். ஆக, இவ்விளையாட்டு மூளையின் ஒரு பகுதி எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதைக் காட்டும் அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோல் நோயுற்ற பிள்ளைகளுக்கும் உதவியது. பினைல்கீற்றோனூரியா என்னும் பிறவிநோயில், உணவுப் புரதத்திலுள்ள பினைல் அலனீன் என்ற அமினோவமிலத்தை உடல் மாற்றியமைக்க இயலாது. அது குருதியில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்தவுடன் நோயைக் கண்டறிந்து, அவ்வமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் பிள்ளை பெருங்கேட்டிலிருந்து தப்பும். குருதியில் நூறு மில்லிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் வரை இருப்பினும் தீங்கில்லை என்றே அமெரிக்க வைத்தியர் கருதிவந்தனர். பொது அறிவுத்திறன் சோதனைகளிலும் அப்பிள்ளைகள் பெரும்பாலும் இயல்பாகவே விளங்கினர்.

டயமண்ட் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஆறு முதல் பத்து மில்லிகிராம் வரை இருந்த குழந்தைகள், பொம்மையைத் தேடும் சோதனையிலும் நெற்றிப்புற மூளையைச் சார்ந்த பிற சோதனைகளிலும் பின்தங்கினர். மூளையின் பிற பகுதிகளைச் சார்ந்த சோதனைகளிலோ குறையேதும் தோன்றவில்லை. மிகுந்த பினைல் அலனீன், தைரோசீன் என்ற மற்றோர் அமிலம் மூளையுட் புகும் வழியை அடைத்துவிடுகிறது. தைரோசீன் குறையவே அதிலிருந்து உண்டாகும் டோபமீனும் குறைகிறது. அக்குறைவை நெற்றிப்புற மூளையே முதலில் உணர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இவ்வுணவுமுறை பெற்றோருக்கு எளிதன்று. இறைச்சி, மீன், முட்டை யாவும் விலக்கு. தாய்ப்பாலும் அளந்தே கொடுக்கவேண்டும். அதனை மேலும் இறுக்குமாறு கூற வைத்தியருக்கு உறுதியான சான்று வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல், எவ்வயதினர்க்கும் ஆறு மில்லிகிராமையே மேல் எல்லையாக வைத்துள்ளது.