காரீயக் குழாயும் குழந்தைகள் நலமும்

(தொழிற்சங்கக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் என்றொரு நகரம் உண்டு. மோட்டார்த் தொழிலாளர்கள் வாழும் ஊர். 1936 டிசம்பர் இறுதியில் அவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 44 நாட்கள் உறுதியாய் நின்று, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தங்கள் சங்கத்தை ஏற்கும்படி செய்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் குடிநீரே நஞ்சானது.

2014 ஏப்ரலில், சிக்கனத்தின் பெயரால், டிட்ராய்ட்டிலிருந்து நீர் வாங்குவதை நிறுத்தி ஃபிளின்ட் ஆற்று நீரைக் கொடுத்தார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தை அதில் சேர்க்கவில்லை. பல வீடுகளுக்குச் சென்ற பழைய குழாய்கள் காரீயத்தால் ஆனவை. அவை அரித்து, காரீயம் நீரில் கலந்தது.

பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், கிந்தாவில் தோண்டியதும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. நீரில் கலந்தால் நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் போகாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தோழர்களே, கவனியுங்கள்! 2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் இஞ்சின் தொழிற்சாலை அந்த நீரைக் கைவிட்டது. இயந்திரப் பாகங்கள் அரித்தனவாம்! மக்களோ மேலும் ஓராண்டு அதையே குடித்தார்கள். இரும்புக்கு ஆகாத நீர் பிள்ளைக்கு ஆகுமா? தாய்மார்கள் பழுப்பு நீரைப் புட்டியில் ஏந்திப் போய் முறையிட்டார்கள். நீர் நல்லதே என்றார்கள் அதிகாரிகள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அத்திஷா என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் கணக்கோடு காட்டினார். அதன் பிறகே, அக்டோபரில், பழைய நீர் திரும்பியது.

மக்கள் வழக்காடினார்கள். குடியிருப்போரிடம் காசு வாங்காமல் குழாய்களை மாற்றுவதென 2017இல் உடன்பாடு ஏற்பட்டது. மூன்று ஆண்டில் முடிய வேண்டிய வேலை 2025இல்தான் முடிந்தது. சுமார் 11,000 காரீயக் குழாய்கள் மாற்றப்பட்டன.

பழைய கட்டடத்தில் குடியிருப்போர் குழாயைப் பாருங்கள். காரீயக் குழாய் மங்கிய சாம்பல் நிறம், மென்மையானது, காந்தம் ஒட்டாது, காசால் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னும். ஐயம் தோன்றினால் வீட்டுக்குள் முணுமுணுத்துப் பயனில்லை. கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். கிராணிமார் அதை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நீரைச் சோதிக்கவும், குழாயை மாற்றவும், அந்தச் செலவு தொழிலாளி தலையில் விழாதிருக்கவும் சங்கமாக நின்று கேட்போம். குழாயை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளை இழந்த அறிவை மீட்க முடியாது.