விட்ட படிப்பைத் தொடரலாம்



தொம்மலூரில் ஒரு பழைய கோயில் இருக்கிறது. சொக்கநாதசாமி கோயில். அதன் கற்களில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெட்டியவை. அவற்றில் இந்த ஊரின் பெயர் தொம்பலூர் என்று இருக்கிறது. கோயிலுக்கு யார் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்று கல்லில் எழுதி வைத்தார்கள். ஏன்? பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. யார் கொடுத்தது என்று தெரிந்தால்தான் அது சாசனம்.

பட்டமும் ஒரு சாசனம்தான். கல்லுக்குப் பதில் காகிதம். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, யார் கொடுத்தது என்பதைத்தான். இன்றைய பேச்சு அதைப் பற்றியது. பாதியில் படிப்பை விட்டவர் மீண்டும் படித்துப் பட்டம் பெற முடியுமா? சீக்கிரம் பெற முடியுமா? எவ்வளவு சீக்கிரம்?

ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்தைந்து. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பி.யு.சி.யில் சேர்ந்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். இப்போது ஓர் அலுவலகத்தில் உதவியாளர். பன்னிரண்டு வருட அனுபவம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவர்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நாள் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் கேட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். கடைசி வரியில், "டிகிரி அவசியம்" என்று இருந்தது. அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பேசாமல் திரும்பிப் போனார்.

இந்த மாதிரி அக்காவைத் தேடி ஒரு ஏஜெண்ட் வருவார்.

"அக்கா, ஒரே வருஷத்தில் டிகிரி வாங்கித் தரோம். பரீட்சைக்கு நீங்க வரவே வேண்டாம். பழைய தேதி போட்டே வாங்கலாம்."

"நிஜமாவா தம்பி? எவ்வளவு ஆகும்?"

அக்கா இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. "எந்த யுனிவர்சிடி தம்பி? அதைத் தொடங்கியது யார்?" என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் யார் பட்டம் கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956. அதை யு.ஜி.சி. சட்டம் என்பார்கள். அதன் 22-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மத்திய அரசு அல்லது மாநில அரசு சட்டம் போட்டு உண்டாக்கிய பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கொடுக்கலாம். பட்டம் கொடுக்க நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் கொடுக்கலாம். வேறு யாரும் கொடுக்க முடியாது. டியூஷன் சென்டர் கொடுக்க முடியாது. டிரஸ்ட் கொடுக்க முடியாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது. பழைய தேதி போட்ட பட்டம் பட்டமே அல்ல. அது பொய்ச் சான்றிதழ். அதைக் காட்டி வேலை வாங்கினால், பின்னால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

அப்படியானால் நேர்வழி என்ன? அதில் எவ்வளவு காலம் ஆகும்?

முதல் படி பன்னிரண்டாம் வகுப்பு. கர்நாடகத்தில் அது பி.யு.சி. பெரியவர்கள் இதற்காகப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார வேண்டியதில்லை. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989-இல் தொடங்கியது. சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். இங்கே சேர வயது வரம்பு மேலே கிடையாது. ஐந்து பாடம் பாஸ் செய்ய வேண்டும். ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது முறை பரீட்சை எழுதலாம். பெயில் ஆன பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். முன்பு வேறு வாரியத்தில் பாஸ் செய்த பாடம் இருந்தால், சில நிபந்தனைகளோடு இரண்டு பாடம் வரை சேர்த்துக்கொள்வார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பல ஆண்டு ஆனவர், கவனமாகப் படித்தால் ஒரே ஆண்டில் இதை முடிக்கலாம்.

"பன்னிரண்டாம் வகுப்பே வேண்டாம், நேராக டிகிரி படிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். கவனம் தேவை. தமிழ்நாட்டு அரசு 2009-இல் ஓர் ஆணை போட்டது. பத்தாம் வகுப்பு, பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம். இந்த வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும் என்றது. வரிசையைத் தாண்டிப் படித்த பலர் அப்போது திண்டாடினார்கள். ஒரு படியை விட்டு ஏறினால் ஓர் ஆண்டு மிச்சம் போலத் தெரியும். பின்னால் அதுவே பள்ளம் ஆகிவிடும்.

இரண்டாவது படி பட்டப்படிப்பு. வேலைக்குப் போகிறவருக்கு மாலைக் கல்லூரி ஒரு வழி. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இன்னொரு வழி.

திறந்தநிலை என்பது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1969-இல் ஒரு திறந்த பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டுப் பெண்களும் அதில் படித்தார்கள். இந்தியாவில் முதலாவது 1982-இல் ஹைதராபாத்தில் வந்தது. 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. அதை இக்னோ என்பார்கள். பெங்களூரில் அதற்கு வட்டார மையம் உண்டு. கர்நாடகத்துக்கு மைசூரில் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1996-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒன்று 2002-இல் வந்தது. ஆனால் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்குள்தான் தொலைநிலைப் படிப்பு நடத்தலாம். எனவே தொம்மலூரில் இருப்பவர் இக்னோவிலோ மைசூரிலோ சேர்வது சரி. புத்தகம் எந்த மொழியில் கிடைக்கும் என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்குச் சமம். யு.ஜி.சி. 2022-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் எல்லாப் படிப்பையும் அஞ்சலில் படிக்க முடியாது. மருத்துவம், நர்சிங், இன்ஜினியரிங் பட்டம், சட்டம் இவையெல்லாம் தொலைநிலையில் கிடையாது. "வீட்டிலிருந்தே நர்சிங் டிகிரி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது முக்கியமான கேள்வி. சீக்கிரம் முடிக்க முடியுமா?

வெளிநாட்டில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1972-இல் பெரியவர்களுக்காகவே ஒரு கல்லூரி தொடங்கியது. தாமஸ் எடிசன் பெயரில் அது இருக்கிறது. வேலையில் கற்றதைப் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். தெரிந்திருந்தால் அந்தப் பாடத்துக்கு மதிப்பு கொடுப்பார்கள். தெரிந்ததையே மறுபடி படிக்க வேண்டாம். அதனால் காலம் குறைகிறது.

இந்தியாவில் யு.ஜி.சி. 2024 நவம்பரில் விரைவுப் பட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025-இல் அதை விதியாகவே கொண்டுவந்தது. அதன்படி மூன்று ஆண்டுப் படிப்பை இரண்டரை ஆண்டில் முடிக்கலாம். நான்கு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டில் முடிக்கலாம். பாடம் குறையாது. ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடுதல் பாடம் எடுக்க வேண்டும். முதல் அல்லது இரண்டாவது செமஸ்டர் முடிந்ததும் ஒரு குழு பார்க்கும். மாணவருக்குத் தாங்கும் என்றால் அனுமதி தரும். சேர்ந்த கல்லூரியில் இந்த வசதி இருக்க வேண்டும். எனவே கேட்டுச் சேர வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மூன்று ஆண்டுப் படிப்பில் அரசே குறைத்தது ஒரு செமஸ்டர்தான். அதாவது ஆறு மாதம். அப்படியிருக்க, ஏஜெண்ட் எப்படி இரண்டு ஆண்டைக் குறைப்பார்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது படிப்பை கிரெடிட் என்று அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, எழுத்து எல்லாம் அதில் அடக்கம். மூன்று ஆண்டுப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட். 120-ஐ 30-ஆல் பெருக்கினால் 3,600 மணி நேரம்.

இரண்டரை ஆண்டில் முடிக்க, தினமும் நான்கு மணி நேரம் வேண்டும். ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து. மூன்று ஆண்டு என்றால் தினமும் மூன்றே கால் மணி நேரம். ஆறு ஆண்டு என்றால் தினமும் ஒன்றேமுக்கால் மணிக்கும் குறைவு.

ஆறு ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். இக்னோவில் பி.ஏ. படிப்பை மூன்று ஆண்டிலும் முடிக்கலாம். ஆறு ஆண்டு வரையும் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிகளுக்கான புதிய விதியும் அப்படித்தான். விரைவாகப் போக வழி சொன்ன அதே விதி, மெதுவாகப் போகவும் வழி சொல்கிறது. இரண்டு செமஸ்டர் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பட்டத்தின் மதிப்பு குறையாது.

அக்காவின் நாளைப் பாருங்கள். காலை ஐந்துக்கு எழுகிறார். தண்ணீர் பிடிக்கிறார். சமைக்கிறார். பிள்ளைகளை அனுப்புகிறார். ஒன்பதுக்கு அலுவலகம். மாலை ஏழுக்கு வீடு. மறுபடி சமையல். இதில் நான்கு மணி நேரம் எங்கே? ஒன்றரை மணி நேரம் வேண்டுமானால் கிடைக்கும். அதுவும் வீட்டில் இருப்பவர்கள் கை கொடுத்தால்தான். பாத்திரத்தை அவர் வீட்டுக்காரர் கழுவலாம். தம்பி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் பட்டத்துக்குச் செலவாகும் நேரம் அவள் ஒருத்தியின் நேரம் மட்டும் அல்ல.

கல்லூரியில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு படித்து விட்டவர்களும் உண்டு. அவர்கள் பழைய மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். 2021 முதல் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாடு இருக்கிறது. பணத்தை வங்கியில் போடுவது போல, பாஸ் செய்த பாடத்தின் கிரெடிட்டை அதில் சேர்க்கலாம். ஏழு ஆண்டு வரை அது செல்லும். வேறு கல்லூரியில் தொடரும்போது பயன்படுத்தலாம். அதற்கு முன்பு படித்தவர்கள், பழைய பட்டியலைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பல்கலைக்கழகத்தின் முடிவு.

இன்னொரு எச்சரிக்கை. உண்மையான பல்கலைக்கழகமாக இருந்தாலும், அந்த ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கதையே பாடம். விதியை மீறியதாகச் சொல்லி, 2013-14 முதல் அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இல்லாமல் போனது. 2018-19-இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் சேர்ந்த மாணவர்கள் பெரும் கவலைப்பட்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல. ஆனால் கஷ்டம் அவர்களுக்கு. எனவே பணம் கட்டும் முன், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், ஆண்டு மூன்றும் அதில் இருக்க வேண்டும். மொபைலில் பார்க்கத் தெரியாவிட்டால், படிக்கிற பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கலாம். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேருகிறவர் அங்கேயே ஓர் அடையாள எண்ணும் வாங்க வேண்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேராகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். ஏஜெண்ட் கையில் கொடுக்கக் கூடாது.

சரி, அந்த அக்காவுக்கு மொத்தம் எத்தனை ஆண்டு? பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒன்று. பட்டத்துக்கு மூன்று முதல் ஆறு. ஆக நான்கு முதல் ஏழு ஆண்டு. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டலாம். "இத்தனை வயசுக்கு மேல் எதற்கு?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். படித்தாலும் அந்த வயது வரும். படிக்காவிட்டாலும் அந்த வயது வரும். வரும்போது கையில் பட்டம் இருக்குமா, இருக்காதா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் இருக்கிறதா? அதில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். மற்ற வேலை எல்லாம் அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்கும்.