ஊசிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசும் அவையில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லைச் சுருக்கி எழுதுவதையே தொழிலாகக் கொண்டோர் கூடியுள்ள அவை இது. ஒலியைச் சுருக்கி எழுதிய ஒரு பொருளைப் பற்றி இங்குச் சொல்லாமல் வேறு எங்குச் சொல்வது?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். தந்தையார் அவருக்கு விட்டுச் சென்றவற்றுள் வீட்டை அடுத்து மதிப்புடையவை இசைத்தட்டுகளே. ரேடியோகிராம் பழுதான நாள்முதல் அவை பரண் ஏறிவிட்டன. ஆசிரியரின் பணி நிறைவுக்கு மகன் புதிய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கித் தந்தான். மகள் கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்றைத் தந்தாள். இரண்டையும் சேர்த்துவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று வீடே நம்பியது.

ஆசிரியர் முதலில் எடுத்தது, எம். எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடிய கச்சேரியின் நெடுந்தட்டு. புளூடூத் அனுப்பும் சிறு பெட்டி ஒன்றை டர்ன்டேபிளின் பின்னால் செருகினார்கள். (புளூடூத் என்னும் பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப்பெயர். நீலப்பல்லர் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்குக் கவிதை உள்ளம் இருந்திருக்க வேண்டும்.) பெட்டியின் விளக்கும் ஒலிபெருக்கியின் விளக்கும் ஒன்றையொன்று அறிந்து நிலைத்தன. ஊசி இறங்கியது.

வந்தது கொசுவின் குரல். ஒலியளவை முற்றும் கூட்டியபோது பாட்டு தகரத்தின் மேல் ஊர்ந்தது. டி. கே. மூர்த்தியின் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக்கென்றது. இடந்தலையின் கும்கியைக் காணவே இல்லை. “தட்டெல்லாம் தேஞ்சு போச்சுப்பா” என்றான் மகன். ஆசிரியரும் அதை நம்பினார் என்பதுதான் வருத்தத்திற்குரியது. அடுத்த ஞாயிறன்று பழைய சாமான் எடுப்பவரை வரச் சொல்லியும் ஆயிற்று.

தட்டு தேயவில்லை. அது எழுதப்பட்ட முறையே அப்படி. தாழ்ந்த ஒலியை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்துக்குள் புகுந்துவிடும். பக்கத்திற்கு இருபது நிமிடப் பாட்டு கொள்ளாது. ஆதலால் தாழ்ந்த ஒலிகளை ஒடுக்கி வெட்டுகிறார்கள். உயர்ந்த ஒலிகளையோ, தட்டின் இரைச்சலுக்குள் முழுகிவிடாதிருக்கப் பெருக்கி வெட்டுகிறார்கள். 1954 முதல் அமெரிக்காவில் இதற்கு ஒரே கணக்கு வகுக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை அளவாகக் கொண்டால், 20 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவும், 20,000 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ பத்து மடங்காகவும் தட்டில் பதிகின்றன. கேட்கும் இடத்தில் ஒருவர் இருப்பார், ஒடுக்கியதை விரிப்பார், மிகுத்ததைக் குறைப்பார் என்னும் நம்பிக்கையிலேயே அது வெட்டப்படுகிறது. உரையாசிரியரை எதிர்பார்த்து எழுதிய நூற்பா எனலாம்.

அந்த உரையாசிரியருக்கு முன்பெருக்கி என்று பெயர். கடைத்தெருவில் போனோ பிரிஆம்ப். ஊசிமுனை தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அனுப்பும் பெட்டி எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். முன்பெருக்கி ஒலியை அந்த அளவுக்கு உயர்த்துகிறது. உயர்த்தும்போதே தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. ஆசிரியர் வீட்டில் நடுவிலிருந்த இவ்வொருவர்தாம் உறங்கிக் கிடந்தார்.

ரேடியோ பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் சனிக்கிழமை வந்தார். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. டர்ன்டேபிளைத் திருப்பி வைத்து, அதன் முதுகில் நகக்கண் அளவே இருந்த ஒரு சுவிட்சை ‘போனோ’விலிருந்து ‘லைன்’ பக்கம் தள்ளினார். முன்பெருக்கி உள்ளேயே இருந்தது. அது வேலை செய்யத் தொடங்கியது. அச்சுவிட்ச் இல்லாத கருவிகளுக்குத் தனியே ஒரு முன்பெருக்கி வாங்கி, ஊசிக்கும் அனுப்பும் பெட்டிக்கும் நடுவில் வைக்க வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒலி கரகரத்துச் சிதையும். உரைக்கு உரை எழுதினால் வரும் கேடு.

கும்கி வந்தது. ஆசிரியர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஞாயிறன்று வந்தவருக்குப் பழைய நாளிதழ்கள் மட்டும் கிடைத்தன.

கம்பியில்லாமல் அனுப்பினால் இசை கெடாதா என்று வினவும் அன்பர்கள் உண்டு. கெடும், சிறிது. புளூடூத் வழியில் பள்ளத்தின் அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக்கி, செவி தவறவிடும் என்று கருதுவனவற்றைக் கழித்தே பொதுவாக அனுப்புகிறார்கள். நல்ல நெடுந்தட்டும் நல்ல செவியும் உடையவர்க்குக் கம்பியே மேல். ஆனால் கம்பியின்மைக்கும் ஒரு நன்மை உண்டு. ஆசிரியர் முதலில் இரண்டையும் ஒரே மேசைமேல் வைத்திருந்தார். ஒலிபெருக்கியின் அதிர்வு மேசை வழியே ஊசியை எட்ட, ஊசி அதையும் இசையென்றே எண்ணித் திருப்பி அனுப்ப, அறை முழுவதும் ஒரு முழக்கம் எழுந்தது. ஒலிபெருக்கியை உள்ளறைக்குக் கொண்டுபோனதும் அடங்கிற்று.

தந்தையாரின் தட்டுகளுள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் ஒன்று. அது 78 சுழற்சித் தட்டு. அதன் பள்ளத்திற்கு நெடுந்தட்டின் ஊசியைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத அகலமுள்ள ஊசி வேண்டும். புதிய டர்ன்டேபிளிலோ 33, 45 என்னும் இரண்டு வேகங்களே உள்ளன. போதாக்குறைக்கு, 1954க்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் ஒடுக்குவதற்குத் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தது. இன்றைய முன்பெருக்கியின் உரை அதற்கு முழுதும் பொருந்தாது. மூன்று வேகக் கருவி ஒன்றுக்கு ஆசிரியர் சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை தோடி, தந்தையார் சுற்றிய அதே வேட்டித் துண்டில் இருக்கிறது.

இப்போது மாலை வேளைகளில் தட்டு கூடத்தில் சுழல்கிறது, பாட்டு உள்ளறையில் கேட்கிறது. பக்கம் முடிந்தால் ஊசி தானே எழாது. கடைசிப் பள்ளத்தில் ‘டப், டப்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அவ்வொலி உள்ளறைக்கு வந்ததும் ஆசிரியர் எழுந்து, கூடத்திற்கு நடந்து, தட்டைத் திருப்பிப் போடுகிறார்.