சாலையோரச் சோதனையும் குடிமக்களின் உரிமையும்

(போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசு எந்திரத்தின் வர்க்கத் தன்மை பற்றி நமது வகுப்புகளில் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் சாதாரண உழைப்பாளி அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் நாடாளுமன்றமோ தலைமைச் செயலகமோ அல்ல. சாலைச் சந்திப்பில் கைகாட்டி வண்டியை நிறுத்தும் காவலர்தான் அவருக்கு அரசு. வீடு வீடாக உணவு கொண்டு செல்லும் இளைஞரும், ஆட்டோ ஓட்டுநரும், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் லாரி ஓட்டுநரும் இதை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். அரை மணி நேரத் தாமதம் கார் வைத்திருப்பவருக்கு எரிச்சல். இவர்களுக்கோ அன்றைய கூலியில் விழும் வெட்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் ஒன்றிய பாஜக அரசு திருத்தியது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல், உரிமமின்றி வாகனம் ஓட்டுவதற்கான அபராதம் 500 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. சாலைப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தலைக்கவசம் அணியாமல் செல்வதை எவரும் ஓர் உரிமையாகக் கருத வேண்டாம். ஆனால் அபராதம் பத்து மடங்கு ஏறும்போது, ரசீது இல்லாமல் கைமாறும் தொகையும் ஏறுகிறது. பாஜக ஆண்ட குஜராத்தே பல அபராதங்களைக் குறைக்க வேண்டி வந்தது. இத்திருத்தத்தில் அதிகம் பேசப்படாத 210பி என்றொரு பிரிவும் உண்டு: இச்சட்டத்தை அமலாக்கும் பொறுப்பில் உள்ளவரே அதை மீறினால் அவருக்கு இரு மடங்கு தண்டனை. இதை எத்தனை தொழிலாளர்களுக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

சட்டம் கூறுவதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். சீருடை என்ற சொல் அங்கே வீணாகப் போடப்பட்டதன்று. 2018இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 139, கைபேசியில் உள்ள மின்னணு ஆவணங்களையும் ஏற்கிறது, ‘அசல் எங்கே?’ என்று கேட்டு மிரட்ட இடமில்லை. உரிமத்தைக் கைப்பற்றினால் 206ஆவது பிரிவின்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். உரிமம் திரும்பக் கிடைக்கும் வரை அச்சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம். அபராதத்தை அங்கேயே வசூலித்து வழக்கை முடிக்கும் அதிகாரமும் எல்லாக் காவலருக்கும் இல்லை. மாநில அரசு அறிவிக்கையில் குறிப்பிட்ட அதிகாரிகளுக்கு மட்டுமே உண்டு. வண்டிச் சாவியைப் பிடுங்கும் அதிகாரத்தை இச்சட்டத்தின் எந்தப் பிரிவும் தரவில்லை.

இனி படம்பிடிப்பது பற்றி. கைபேசியை உயர்த்தியவுடன் வரும் முதல் மிரட்டல், ‘பணிக்கு இடையூறு’ என்பது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆவது பிரிவுக்கு ஒருவர் வேண்டுமென்றே பணியைத் தடுத்திருக்க வேண்டும்; 132ஆவது பிரிவுக்குத் தாக்குதலோ வன்முறையோ நிகழ்ந்திருக்க வேண்டும். விலகி நின்று பதிவு செய்வது இரண்டிலும் சேராது. காவல் நிலையத்தினுள் காணொளி எடுத்தவர் மீது அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்கை, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் ரத்து செய்தது. காவல் நிலையம் அச்சட்டம் கூறும் ‘தடை செய்யப்பட்ட இடம்’ அல்ல என்பது தீர்ப்பு. காவல் நிலையத்துக்கே அதுவென்றால், நடுச்சாலைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உரிமையை வெளிப்படையாகவே எழுதி வைத்தது கேரளம். இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் உருவான 2011ஆம் ஆண்டுக் கேரளக் காவல் சட்டத்தின் 33ஆவது பிரிவு, காவல்துறை நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி பதிவு செய்வதை எந்தக் காவலரும் தடுக்கக் கூடாது என்கிறது. (அதே சட்டத்தில் 2020இல் 118ஏ பிரிவைச் சேர்த்துப் பின்பு திரும்பப் பெற்றதையும் நாம் மறந்துவிடக் கூடாது, நமது அரசுகளிடமும் விழிப்போடுதான் இருக்க வேண்டும்.) பிற மாநிலங்களில் இத்தகைய பிரிவு கோரி நாம் போராட வேண்டும்.

பதிவு ஏன் அவசியம்? 2021 ஜூனில் சேலம் மாவட்டச் சோதனைச் சாவடி ஒன்றில் தடுத்து நிறுத்தப்பட்ட மளிகை வியாபாரி, காவலரின் தடியடிக்குப் பின் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் எடுத்த காணொளி நாடெங்கும் பரவியது. சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். அக்காணொளி இல்லாதிருந்தால், குடிபோதையில் விழுந்தார் என்று கோப்பு மூடப்பட்டிருக்காது என்று யாரால் உறுதி கூற இயலும்?

அதே கைபேசி நம்மை நோக்கியும் திருப்பப்படுகிறது. 2021 அக்டோபரில் ஹைதராபாத் காவலர்கள் இரு சக்கர வாகனங்களை நிறுத்தி, கைபேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடினார்கள். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர் நடந்தது இது. உரிமத்தைக் காட்டுவது கடமை. கைபேசியைத் திறந்து காட்டுவது அதில் அடங்காது.

நடைமுறையில் சில. பதிவு செய்பவர் காவலரின் கையைத் தடுக்கவோ வசைமொழி பேசவோ கூடாது. வழக்குப் போட அவர்கள் தேடுவது அதைத்தான். நேரம், இடம், பெயர்ப் பட்டை, வாகன எண் ஆகியவை பதிவில் வரட்டும். பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை அணிய வேண்டும் என்பது, கைது செய்யும் காவலர்களுக்கு டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை. எடுத்த காணொளியை வெட்டி ஒட்டாமல், மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவு கோரும் சான்றிதழுடன்தான் அது நீதிமன்றம் செல்ல முடியும். தனியாகச் சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டு ஓய்ந்துவிட வேண்டாம். முதலில் சங்கத்துக்கும் வழக்கறிஞர் தோழர்களுக்கும் அனுப்புங்கள்.

மாநில, மாவட்ட அளவில் காவல்துறைப் புகார் ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2006இல். உங்கள் மாவட்டத்தில் அது செயல்படுகிறதா என்று அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் விசாரித்து, மாவட்டக் குழுவுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்.