களை மருந்தும் கரிசல் மண்ணும்

(மல்லாங்கிணறு விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



களை மருந்து பத்தே நாளில் மண்ணோடு மக்கிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். எந்த மருந்து, எந்த மண்ணில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மருந்தைத் தின்று தீர்ப்பவை பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். அவையும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தாம்! ஈரமும் மக்கும் இருந்தால் வேலை செய்யும். மண் காய்ந்தால் வேலை நின்றுவிடும். ஈர மண்ணில் 2,4-டி பாதியாகக் குறையச் சுமார் 10 நாள். கிளைபோசேட்டுக்கு ஒன்றரை மாதம் என்பது பொதுக் கணக்கு. மக்காச்சோளத்துக்குப் போடும் அட்ரசினுக்கோ 2 மாதம். பாதி போக 2 மாதம் என்றால், மீதியில் பாதி போக மேலும் 2 மாதம். 6 மாதம் கழித்தும் எட்டில் ஒரு பங்கு நிற்கும்.

இது நல்ல மண்ணின் கணக்கு. நமது பூமி மானாவாரிக் கரிசல். கார்த்திகை மழை போனதும் வெடித்துக் கிடக்கும். காரத் தன்மையுள்ள மண்ணில் அட்ரசின் சிதைவதும் தாமதமாகும். மக்காச்சோளம் அதைத் தன் உடம்புக்குள்ளேயே முறித்துப் பிழைத்துக்கொள்கிறது. பின்னால் விதைக்கும் பாசிக்கும் உளுந்துக்கும் அந்தச் சக்தி கிடையாது. முளைத்த பயிர் இலையோரம் வெளுத்துக் கருகினால் விதையை மட்டும் திட்டாதீர்கள். முன்வெள்ளாமைக்கு என்ன தெளித்தது என்று விசாரியுங்கள். பருத்தியோ 2,4-டி காற்றில் வந்தாலே இலை சூம்பிவிடும்.

பாராகுவாட் வேறு வகை. களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். ஒட்டியிருக்கிறவரை பயிருக்குத் தொல்லையில்லை. தொல்லையெல்லாம் தெளிக்கிற கூலியாளுக்கு! ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரல் கெடும். முறிவு மருந்து கிடையாது. தெளிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடுப்பு வேண்டும் என்று 1971-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்து விதிகள் சொல்கின்றன. எந்தக் காட்டில் கையுறை கொடுத்தார்கள்? களை வெட்டும் பெண்களின் கூலி போனது ஒருபுறம். மிஞ்சிய ஒரு கூலியாளின் உயிருக்கும் காவலில்லை.

வியத்நாமில் 1961 முதல் 1971 வரை அமெரிக்கச் சேனை களைக்கொல்லிகளைக் கொட்டியது. அதில் கலந்திருந்த டையாக்சின் நஞ்சு, பியன் ஹோவா விமானத்தள மண்ணில் இன்னும் கிடக்கிறது. அது தொழிற்சாலையிலேயே கலந்த அழுக்கு. டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்பது நமது உரிமை.

ஆகவே, டப்பாவின் சீட்டைப் படித்துச் சொல்லாமல் யாரும் மருந்தைத் தொட வேண்டாம். கையுறை, முகமூடி வராமல் டேங்கைத் தோளில் ஏற்ற வேண்டாம். குத்தகைக் காட்டில் பாசி போடுகிறவர்கள் விதைக்குமுன் இரண்டு சட்டியில் மண் எடுங்கள். ஒன்று தெளித்த காட்டு மண், மற்றது தெளிக்காத வரப்பு மண். இரண்டிலும் பத்துப் பத்து விதை ஊன்றி, தண்ணீர் தெளித்து, மூன்று வாரம் பாருங்கள். காட்டு மண் பயிர் மட்டும் வெளுத்தால், அந்தக் காட்டில் இந்தப் பருவம் சோளமே விதையுங்கள்.